வேறு இடம் இல்லாத ஊர்கள்: பாதுகாக்கப்பட்ட தீவுகளில் வாழ்வும் வளர்ச்சியும்

பெருநிலத்தில் போடப்படும் சாலை ஒன்று காப்புக்காட்டின் குறுக்கே போக வேண்டி வந்தால், பொறியாளர்கள் அதைச் சற்று வளைத்துவிடுவார்கள். மருத்துவமனைக்குப் பார்த்த மனையில் பழங்காலக் கல்லறை தென்பட்டால், அடுத்த ஊரில் வேறு மனை பார்ப்பார்கள். செலவும் காலமும் கூடினாலும் வேலை நடந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் நீளமே உள்ள தீவில் இதற்கு வழியில்லை. படகு பாதுகாப்பாக அணையக்கூடிய விரிகுடா ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வீடு கட்டத் தகுந்த சமநிலம் பெரும்பாலும் அந்த விரிகுடாவை ஒட்டியே இருக்கும். நன்னீர் ஊற்று அதற்கு மேலுள்ள சரிவில் இருக்கும். இந்த மூன்றில் ஒன்றின் மேல் பாதுகாப்பு எல்லைக்கோடு விழுந்தாலும் ஊரின் எதிர்காலம் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டதாகிவிடுகிறது.

கோடு அங்கே விழுவதும் தற்செயலாக நடப்பதில்லை. தீவுகளில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அதிகம். கடல் சூழ்ந்த தனிமையில் பல லட்சம் ஆண்டுகள் தனியாகப் பரிணமித்தவை அவை. பறவைகள் கூடு கட்டும் மணல்வெளியும், ஆமைகள் ஏறும் கரையும், மனிதர்கள் படகு இழுக்கும் கரையும் பல தீவுகளில் ஒன்றேதான். தொல்லியல் சின்னங்களின் கதையும் இப்படித்தான். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தீவில் குடியேறியவர்களுக்கும் காற்று மறைந்த சமநிலம், நல்ல தண்ணீர், படகு ஏற்ற ஒரு துறை ஆகியவைதான் தேவைப்பட்டன. இன்று வீடு கட்ட நினைப்பவருக்கும் அதே இடம்தான் கண்ணில் படுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் 2003-இல் வயலை உழுதபோது செதுக்கப்பட்ட ஒரு கற்பலகை மேலே வந்தது. அந்த இடத்தை அகழ்ந்தபோது புதிய கற்காலத்துப் பெருங்கட்டடங்களின் தொகுதியே கிடைத்தது. நெஸ் ஆஃப் பிராட்கர் என்று அறியப்படும் அந்த அகழாய்வு 2024 வரை தொடர்ந்தது. பிறகு, கல் சிதையாமல் இருக்க அதை மண்ணால் மூடினார்கள். ஓர்க்னியில் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் எவரும் இப்படி ஒன்று தட்டுப்படக்கூடும் என்ற நினைவோடுதான் தோண்ட வேண்டும்.

பணம் புழங்காத ஊரில் பழைய கட்டடங்களை இடித்துப் புதியவை எழுப்ப ஆளிருக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏழ்மையும் ஒதுக்குப்புறமும்தான் பல தீவுகளின் பழைய வீடுகளையும் கல்வேலிகளையும் கோயில்களையும் இன்றுவரை நிற்க வைத்திருக்கின்றன. வளர்ச்சி எட்டாத காரணத்தால் தப்பிய ஒன்றை, வளர்ச்சி எட்டிப்பார்க்கும் நேரத்தில் உலகச் சொத்து என்று அறிவிக்கிறோம். நான் பாதுகாப்புக்கு எதிரானவன் இல்லை. ஒரு முறை அழிந்த தீவு உயிரினம் திரும்பி வராது. இடித்த கற்காலச் சுவரை யாரும் மறுபடி கட்டிவிட முடியாது. ஆனாலும் அந்த அறிவிப்பின் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி இதுவரை கேட்கப்பட்டதைவிட உரத்துக் கேட்கப்பட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அந்தச் செலவு எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட தீவு ஒன்றில் ஓர் இளம் தம்பதி பெற்றோரின் நிலத்து ஓரத்தில் மூன்று அறை வீடு கட்ட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்தளம் தோண்டுமுன் தொல்லியலாளர் ஒருவர் வந்து சோதனைக் குழிகள் போட வேண்டும். அவர் பெருநிலத்திலிருந்து படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் தங்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கட்டணம். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் இயந்திரம் ஓட்டக் கூடாது. ஆகவே கோடையின் பெரும்பகுதி போய்விடும். கோடை போனால் சிமெண்ட்டும் மரமும் ஏற்றிவரும் தட்டைப்படகு அடுத்த ஆண்டுதான் வரும். கூரை எந்த நிறம், சன்னல் எந்த அளவு, கல்வட்டம் இருக்கும் திசையிலிருந்து பார்த்தால் வீடு கண்ணில் படுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. இவற்றில் எதுவும் காரணமில்லாத விதி இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும். மொத்தமாக வந்து விழும்போதுதான் அந்தத் தம்பதி நகரத்தில் வாடகை வீடு பார்த்துப் போய்விடுகிறார்கள். தீவுப் பள்ளியில் அடுத்த ஆண்டு சேர வேண்டிய குழந்தை வேறு ஊரில் சேர்கிறது.

இதில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஆய்வுக்கும் அனுமதிக்கும் ஆகும் செலவு கட்டடம் சிறியது என்பதற்காகக் குறைந்துவிடுவதில்லை. தொல்லியலாளரின் படகுக் கட்டணம் மூன்று அறை வீட்டுக்கும் நூறு அறை விடுதிக்கும் ஒன்றுதான். விடுதி கட்ட வரும் நிறுவனம் அந்தத் தொகையைத் திட்டச் செலவில் ஒரு வரியாக எழுதிவிட்டு, ஆலோசகர்களை அமர்த்தி மூன்று ஆண்டு காத்திருக்கும். உள்ளூர்க் குடும்பம் மூன்று மாதம்கூடக் காத்திருக்க முடியாது. தீவுகளின் பாதுகாப்பு விதிகள் வளர்ச்சியை ஒட்டுமொத்தமாகத் தடுக்கின்றன என்று சொல்வது பாதி உண்மைதான். எந்த வளர்ச்சி வரட்டும் என்பதையும் அவை தெரிவு செய்கின்றன. அந்தத் தெரிவு பெரும்பாலும் பணமும் பொறுமையும் உள்ள வெளியாருக்குச் சாதகமாக முடிகிறது. மரபுச் சின்னம் என்ற பெயர் வந்ததும் பழைய வீடுகளின் விலை ஏறி, விடுமுறைக்கு வருபவர்கள் அவற்றை வாங்கிப் பூட்டி வைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

பெரிய திட்டங்களும் தடுக்கப்படுவதுண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஒன்றான லூயிஸில், பார்வஸ் மேட்டுநிலத்தில் 181 காற்றாலைகள் அமைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. முதலில் 234 என்றிருந்து பிறகு குறைக்கப்பட்ட எண்ணிக்கை அது. அந்த நிலம் முழுக்கப் பீட் எனப்படும் சதுப்புக் கரி மண். பொன்னிறக் கழுகுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் உள்ளான்களுக்கும் அது வீடு. ஐரோப்பியப் பறவைகள் சட்டத்தின்படி சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. தீவின் நிர்வாக மன்றம் வேலையும் வருமானமும் வரும் என்று திட்டத்தை ஆதரித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் எதிராகக் குவிந்தன. தீவு மக்களே இரண்டாகப் பிரிந்தார்கள். 2008 ஏப்ரலில் ஸ்காட்லாந்து அரசு அனுமதி மறுத்தது. அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. பல்லாயிரம் ஆண்டுகள் கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கும் சதுப்பைக் கிளறிவிட்டு, அதன் மேல் கரிம வெளியேற்றத்தைக் குறைக்கும் காற்றாலை கட்டுவதில் பொருளில்லை.

அதே தீவில் அதன்பின் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும். ஸ்டோர்னோவே நகருக்கு அருகே பொது மேய்ச்சல் நிலத்தில் பாயின்ட் அண்ட் சாண்ட்விக் என்ற உள்ளூர் மக்கள் அறக்கட்டளை மூன்றே மூன்று காற்றாலைகளை நிறுவியது. மொத்தம் 9 மெகாவாட். 2015-இல் அவை சுழலத் தொடங்கின. லாபம் முழுவதும் ஊர்ப் பணிகளுக்குப் போகிறது. உள்ளூரில் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் அதில் பங்குண்டு. லூயிஸில் காற்றாலையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு பெரியது, எந்த மண்ணில், யாருக்குச் சொந்தமானது என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டாம் திட்டத்திடம் நல்ல பதில் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவில் அளவு சிறியதாக இருந்தும் பயன் இல்லை. 1982 முதல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு அறிவித்த உலக மரபுக் களமாக இருக்கும் அங்கே ஏறத்தாழ 400 பேர் வாழ்கிறார்கள்; ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்க அனுமதி இல்லை. மின்சாரம் கப்பலில் வரும் டீசலை எரித்துத்தான் கிடைத்தது. அதைக் குறைக்க இரண்டு காற்றாலைகள் வைக்கக் கேட்டார்கள். தீவின் மரபுச் சிறப்பையும் காட்சியையும் கெடுக்கும் என்று கூட்டரசு 2017-இல் மறுத்துவிட்டது. பிறகு சூரிய மின்தகடுகளும் மின்கலங்களும் வந்தன. தீவுவாசிகளுக்கு மாற்று வழி ஒன்று கிடைத்தது நல்லதுதான். ஆனாலும், காற்றாலை கண்ணை உறுத்தும் என்று சொல்லும் விதி, டீசல் கப்பல் பவளப்பாறைக்கு அருகே வந்து போவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. புதிதாக வருவதை மட்டும் நிறுத்தி விசாரிக்கிறோம். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கெடுதலிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது இடத்துக்கும் பணத்துக்குமான இழுபறி. இதைவிட ஆழமான ஒரு தவறு பாதுகாப்புச் சிந்தனைக்குள்ளேயே நெடுங்காலமாக இருக்கிறது: மனிதர் விலகினால் இயற்கை தழைக்கும் என்ற நம்பிக்கை. பல தீவுகளில் இந்த நம்பிக்கை நேர்மாறாக முடிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் கரையோரத்தில் மாக்கெர் என்ற புல்வெளி இருக்கிறது. கடற்சிப்பிகள் பொடிந்த மணலைக் காற்று அள்ளிக் கரிமண்ணின் மேல் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்தின் மேற்கிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கோடையில் பூக்காடாக இருக்கும் அந்த வெளியைப் பார்ப்பவர்கள் அதை மனிதர் கை படாத இயற்கை என்றே நினைப்பார்கள். உண்மையில், சிறு விவசாயிகள் கரையில் ஒதுங்கும் கடற்பாசியை உரமாகப் பரப்பி, மேலோட்டமாக உழுது, ஓட்ஸும் ரை என்ற தானியமும் விதைத்து, பிறகு ஓரிரு ஆண்டுகள் தரிசாக விட்டு, குளிர்காலத்தில் மாடு மேய்த்து உருவாக்கியது அந்தப் பூக்காடு. அந்தச் சுழற்சி நின்றால் முரட்டுப் புல் மூடிவிடும்.

அங்கே கானாங்கோழி இனத்தைச் சேர்ந்த கார்ன்கிரேக் என்ற பறவை ஆப்பிரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. இரவெல்லாம் சீப்பை நெருடுவது போன்ற குரலில் கூவும். உயரமான புல்லுக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவது அரிது. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இயந்திரங்கள் வைக்கோற்புல்லைச் சீக்கிரமே வெட்டத் தொடங்கியதும் கூடுகளும் குஞ்சுகளும் சேர்ந்தே அரைபட்டு இந்தப் பறவை ஏறக்குறைய மறைந்துபோனது. சிறு விவசாயம் நீடித்த தீவுகளில் மட்டும் தப்பியது. காப்பாற்ற என்ன செய்தார்கள்? விவசாயியை வெளியேற்றவில்லை. புல் வெட்டுவதைக் கோடையின் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்லி அதற்கான இழப்பீட்டைக் கொடுத்தார்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டினால் குஞ்சுகள் நடுவில் மாட்டிக்கொள்ளும் என்பதால், வயலின் நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டச் சொன்னார்கள். டிராக்டர் ஓட்டுபவர் திசையை மாற்றினால் போதும்; குஞ்சுகள் ஓரத்துப் புல்லுக்குள் ஓடிவிடும். 1993-இல் சுமார் 480 ஆக இருந்த கூவும் ஆண் பறவைகள் 2014-இல் 1,200-ஐத் தாண்டின. அதன்பின் மறுபடி சரிவு வந்திருக்கிறது. விவசாயம் செய்ய ஆளிருக்கும்வரைதான் இந்தப் பறவைக்கும் இடம் என்பதை ஊர்க்காரர்களும் பறவையியலாளர்களும் ஒன்றாகவே சொல்கிறார்கள். ஆகவே அந்தத் தீவில் ஓர் இளம் குடும்பத்துக்கு வீடு கட்ட இடம் மறுப்பது, சுற்றிவந்து கார்ன்கிரேக்கின் தலையில்தான் விழும்.

நார்வேயின் வேகா தீவுக்கூட்டம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் கொண்ட அந்தப் பகுதியில் ஐடர் என்ற கடல்வாத்து கூடு கட்ட வரும். மக்கள் அவற்றுக்குக் கல்லிலும் மரத்திலும் குட்டி வீடுகள் கட்டி, காய்ந்த கடற்பாசியை மெத்தையாகப் பரப்பி வைப்பார்கள். வாத்துகள் அடைகாக்கும் வாரங்களில் காகமும் நீர்நாயும் அண்டாமல் காவல் இருப்பார்கள். ஊரே சத்தமில்லாமல் நடமாடும். குஞ்சுகளோடு வாத்து கடலுக்கு இறங்கிய பிறகு, அது தன் மார்பிலிருந்து பிடுங்கிக் கூட்டில் விட்டுச்சென்ற மென்தூவியைச் சேகரித்து, நரம்பு கட்டிய மரச்சட்டத்தில் உரசிக் குப்பையைப் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். ஒரு போர்வைக்குப் பல பத்துக் கூடுகளின் தூவி வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். 2004-இல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தை உலக மரபுக் களமாக அறிவித்தபோது பெண்களின் இந்த உழைப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. வெளித்தீவுகளை விட்டு மக்கள் வெளியேறிய இடங்களில் வாத்துகளும் குறைந்தன. காவலுக்கு ஆளில்லாத கூட்டைக் காகம் விட்டுவைக்குமா?

காலபகோஸில் நடந்தது வேறு விதம். எக்குவடோருக்குச் சொந்தமான அந்தத் தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் 1959 முதல் தேசியப் பூங்கா. 1978-இல் யுனெஸ்கோ தொடங்கிய உலக மரபுப் பட்டியலின் முதல் தொகுதியிலேயே காலபகோஸ் இடம்பெற்றது. 30,000-ஐ நெருங்கும் மக்கள் மீதி மூன்று சதவீதத்தில் வாழ்கிறார்கள். 1998-இல் வந்த சிறப்புச் சட்டம், எக்குவடோர் குடிமக்களே ஆனாலும் விரும்பியபடி அங்கே குடியேறத் தடை விதித்தது. அதற்கு முன், 1990-களில், கடல் அட்டை பிடிப்பதைத் தடுத்ததற்காக மீனவர்கள் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்ட காலமும் இருந்தது. மனிதர்களைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்துவதில் இதைவிடக் கறாரான தீவைக் காண்பது அரிது. அந்தக் கறார்தான் ராட்சத ஆமைகளைக் காப்பாற்றியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த மூன்று சதவீதத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பூங்காவின் விதிகள் நெடுநாள் கவனிக்கவில்லை. சுற்றுலாவில் காசு புரண்டதும் மலைப்பகுதி விவசாயிகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் துறைமுக ஊர்களுக்கு இறங்கிவிட்டார்கள். கைவிடப்பட்ட தோட்டங்களில் கொய்யாவும் பிளாக்பெரி போன்ற அயல் முட்கொடிகளும் காடாக மண்டின. அங்கிருந்து விதைகளைப் பறவைகள் பூங்காவுக்குள் கொண்டு சென்றன. உள்ளூரில் விளையாத காய்கறி கப்பலில் வரத் தொடங்கியது. அதோடு பூச்சிகளும் பூஞ்சைகளும் வந்திறங்கின. 2007-இல் ஆபத்தில் உள்ள மரபுக் களங்களின் பட்டியலில் காலபகோஸைச் சேர்த்ததற்கு அயல் உயிரினங்களும் கட்டுமீறிய சுற்றுலாவும் குடியேற்றமும் காரணங்கள்; 2010-இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அங்கே விவசாயத்தை மீட்பது பாதுகாப்பு வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படுகிறது. மலைச்சரிவில் தக்காளி பயிரிடும் ஒருவர் பூங்காக் காவலருக்குச் சமமான வேலையைச் செய்கிறார்.

மனிதரை விலக்குவதற்கே பாதுகாப்பு என்ற சொல் பயன்பட்ட இடமும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து 1968-க்கும் 1973-க்கும் இடையில் மக்களைப் பிரிட்டன் முழுவதுமாக வெளியேற்றியது. டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக. திரும்பிப் போகும் உரிமை கேட்டு அவர்கள் நீதிமன்றங்களில் போராடிக்கொண்டிருந்த காலத்தில், 2010-இல், அந்தக் கடல் முழுவதையும் கடல்சார் பாதுகாப்புப் பகுதியாகப் பிரிட்டன் அறிவித்தது. படைத்தளம் இருக்கும் தீவு மட்டும் விதிவிலக்கு. அறிவிப்புக்கு முந்தைய ஆண்டு அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய ஒரு தகவல் பிறகு விக்கிலீக்ஸ் வழியே வெளியானது. பாதுகாப்புப் பகுதியாக்கினால் முன்னாள் குடிமக்கள் மீள்குடியேற்றம் கோருவது கடினமாகிவிடும் என்ற கருத்து அதில் இருந்தது. மொரீஷியஸ் தொடுத்த வழக்கில், அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நடுவர் மன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பவளப்பாறைகள் உண்மையிலேயே அருமையானவை. அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த அருமையைக் காட்டி ஒரு மக்கள்கூட்டத்தின் வீட்டுக்குப் பூட்டுப் போட்டது மன்னிக்க முடியாதது. உலகெங்கும் தீவுவாசிகள் புதிய பாதுகாப்பு அறிவிப்பு என்றாலே சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்ட நிகழ்வுகளே காரணம்.

ஈஸ்டர் தீவு என்று உலகம் அழைக்கும் ரபா நூயியிலும் பூட்டு இருந்தது. அங்கே சாவி கைமாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்டுப்பண்ணை நடத்திய நிறுவனம் ஒன்று ஏறக்குறைய தீவு முழுவதையும் வைத்திருந்தது. மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 1935-இல் சிலி அரசு அங்கே தேசியப் பூங்காவை அறிவித்தது. மூதாதையர் செதுக்கிய, மோஆய் எனப்படும் பெரிய கற்சிலைகள் நிற்கும் நிலத்துக்குள் அவர்களின் வழித்தோன்றல்கள் சுதந்திரமாக நடமாட 1960-கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995-இல் உலக மரபுக் களம் என்ற பெயர் வந்தது, சுற்றுலாவும் பெருகியது, நுழைவுக் கட்டணம் தலைநகரிலுள்ள துறைக்குப் போனது. 2015-இல் தீவு மக்கள் பூங்காவுக்குப் போகும் வழிகளை மறித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பூங்காவின் நிர்வாகம் மாவு ஹெனுவா என்ற உள்ளூர்ப் பழங்குடி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. விதிகள் தளர்ந்துவிடவில்லை. சுற்றுலாப் பயணிகள் உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் வந்தன. வெளியார் தங்கும் காலத்துக்கும் 2018-இல் சட்டம் வரம்பு விதித்தது. தங்கள் கைக்கு வந்த பிறகு அவர்களே கூடுதலாகக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இதே உண்மையை ஸ்காட்லாந்தின் கடலோரமும் இரண்டு முறை சொல்லியிருக்கிறது. ஆரன் தீவில் இழுவலை கடலடியைச் சுரண்டி மீன்வளம் போனதைப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் 1995-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். லாம்லாஷ் விரிகுடாவின் ஒரு பகுதியில் யாரும் எதையும் பிடிக்கக் கூடாது என்று அரசிடம் அவர்களே கேட்டார்கள். 13 ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2008-இல் பெற்றார்கள். ஸ்காட்லாந்தின் முதல் முழுத்தடைப் பகுதி அது. பின்னர் ஸ்காட்லாந்து அரசு, நாட்டின் கடலில் பத்தில் ஒரு பங்கை உயர் பாதுகாப்புப் பகுதியாக்கி, அங்கே மீன்பிடிப்பை நிறுத்த எண்ணியது. எந்தெந்த இடம் என்று வரைபடம் வருமுன்னரே தீவுகள் கொதித்தெழுந்தன. 2023 கோடையில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கடலில் ஒரு பகுதியை ஓய்வாக விடுவது என்ற யோசனை இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதைத் தீவு கேட்டது. இரண்டாவது தீவுக்கு அனுப்பப்பட்டது.

ஸ்காட்லாந்தின் 2018 தீவுகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. பெருநிலத்துக்காகத் தீட்டப்படும் ஒரு கொள்கை தீவுகளை வேறு விதமாகப் பாதிக்கும் என்றால், அரசு நிறுவனங்கள் அதைத் தனியாக மதிப்பிட்டாக வேண்டும். கேட்க எளிய ஏற்பாடுதான். ஆனால் தலைநகரில் அமர்ந்து விதி எழுதுபவரைப் படகு நேர அட்டவணையைப் பார்க்க வைக்கிறது. இதையும் தாண்டிப் போக வேண்டும் என்பேன். உள்ளூர்வாசி ஒருவரின் முதல் வீட்டுக்கான தொல்லியல் சோதனைச் செலவைப் பொதுநிதி ஏற்க வேண்டும். உலகத்துக்கே சொந்தம் என்று சொல்லும் ஒன்றுக்கு ஒரு குடும்பம் தனியாக விலை கொடுப்பது அநியாயம். வெளியிலிருந்து வரும் விடுதியும் அந்த வீடும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது.

பாதுகாத்ததற்குக் கைம்மாறு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாலமன் தீவுகளின் கிழக்கு ரென்னல் சாட்சி. 1998-இல், பரம்பரை வழக்கப்படி மக்களுக்கே சொந்தமாகவும் அவர்களின் நிர்வாகத்திலும் இருந்த ஓர் இயற்கைக் களத்தை யுனெஸ்கோ முதல்முறையாகப் பட்டியலில் சேர்த்தது. டெகானோ ஏரிக்கரையில் உள்ள நான்கு ஊர்களும் காட்டை வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டன. பதிலுக்குச் சுற்றுலாவும் வருமானமும் வரும் என்று எதிர்பார்த்தார்கள். போய்ச்சேரவே சிரமமான அந்த இடத்துக்குப் பயணிகள் பெரிதாக வரவில்லை. தீவின் மேற்குப் பாதியில் மரம் வெட்டும் நிறுவனங்களும் பாக்சைட் சுரங்கமும் வந்தன. பக்கத்து ஊர்களில் பணம் புழங்கியது, கிழக்கில் காடு மட்டும் நின்றது. மரவெட்டு களத்தைப் பாதிப்பதாக 2013-இல் அது ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாக்கைக் காப்பாற்றிய மக்களுக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் குறிப்பு. காட்டைக் காத்ததற்கு உலகம் அவர்களுக்குப் பணமாகவோ பள்ளியாகவோ மருத்துவராகவோ எதையாவது திருப்பித் தந்திருக்க வேண்டும்.

அந்த ஏரியின் நீர் இப்போது உயர்ந்து வருகிறது, உப்பும் கூடுகிறது. கரையோரத்தில் பயிரிட்ட சேம்புக் கிழங்கு அழுகுகிறது, தென்னை காய்ப்பதில்லை. ஓர்க்னியில் 1850-ஆம் ஆண்டுப் புயல் மணலை விலக்கிக் காட்டிய ஸ்காரா பிரே குடியிருப்பு இன்று தடுப்புச் சுவரை நம்பி அலைக்கு அருகில் நிற்கிறது. பாதுகாப்பு விதிகள் கட்டுமானத்தைத் தடுக்கும், கடலைத் தடுக்காது. கரை பின்வாங்கும்போது தோட்டமும் பாதையும் வீடும் மேட்டுக்கு நகர வேண்டியிருக்கும். சிறு தீவுகளில் அந்த மேடு பெரும்பாலும் காப்புக்காடாகவோ தொல்லியல் நிலமாகவோ இருக்கும். எல்லைகளை வரைந்த ஆவணங்களில் பல, கரை இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைத் திருத்தி எழுதும் வேலை இந்தத் தலைமுறைக்கே வந்துவிட்டது. அப்போது மேசையைச் சுற்றித் தொல்லியலாளரும் பறவையியலாளரும் அமர்வார்கள். சேம்பு நடுபவருக்கும், நடுவிலிருந்து வெளிநோக்கிப் புல் வெட்டுபவருக்கும் அந்த மேசையில் கையெழுத்துப் போடும் உரிமையோடு நாற்காலி வேண்டும்.